பெட்டியைத் திறந்த காரணத்தையும் எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஆண்டிறுதி விடுமுறை வந்துவிட்டது. ஜனவரியில் பிள்ளைகளை இசை வகுப்பில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், கீபோர்டு, வயலின், ஒலிபெருக்கி என்று கடைகடையாக ஏறி இறங்கும் காலம் இது. கடைகளும் இருப்பைக் குறைப்பதற்காக ‘ஓப்பன் பாக்ஸ்’ (பெட்டி திறந்தது), ‘டிஸ்பிளே செட்’ (கடையில் காட்சிக்கு வைத்தது), ‘ரீஃபர்பிஷ்ட்’ (பழுது நீக்கியது) என்று வண்ண வண்ண ஒட்டுச்சீட்டுகளை ஒட்டிக் கழிவு விலையில் விற்கின்றன. அப்படி ஒன்றை நானும் வாங்கினேன். எனக்கு நேர்ந்ததைச் சொல்லி, கடைக்காரர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைப்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. சமூக மன்ற வகுப்பில் கர்நாடக இசையைக் கீபோர்டில் கற்று வருகிறாள். முதல் நான்கு மாதங்கள் ஆசிரியை இரவல் கொடுத்த சிறிய கருவியில்தான் பயிற்சி. ஜூன் விடுமுறையில் சொந்தமாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 61 கட்டைகள் கொண்ட கருவி, புதிதாக வாங்கினால் 520 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதே கடையில் அதே கருவி, மஞ்சள் நிறத்தில் ‘ஓப்பன் பாக்ஸ்’ சீட்டு ஒட்டி 365 வெள்ளிக்கு இருந்தது. மாதாமாதம் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து வரும் தொகையைக் கொண்டு குடும்பம் நடத்துகிற எனக்கு 155 வெள்ளி பெரிய தொகை.

பெட்டி ஏன் திறக்கப்பட்டது என்று கேட்டேன். யாரோ வாங்கிப் போய், நிறம் பிடிக்கவில்லை என்று மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று விற்பனையாளர் சொன்னார். நம்பினேன். அந்தக் கருவி கறுப்பு நிறத்தில் மட்டும்தான் வருகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான்காம் நாள் மாலை பேத்தி, தொடக்கப் பாடமான சரளி வரிசை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ, ரி வரை சீராக வரும். க வந்ததும் திடுக்கென்று ஓர் உரத்த ஒலி. அடுத்த ம மறுபடி சீராகிவிடும். அவசரமாக அடிக்கிறாள் என்று நினைத்து, “மெதுவாகம்மா” என்றேன். “மெதுவாகத்தான் தொடுகிறேன் பாட்டி, கா மட்டும் கத்துகிறது” என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் நானே அழுத்திப் பார்த்தேன். ஒரு கட்டைச் சுருதியில் (C சுருதியில்) வாசிக்கும்போது காந்தாரம், அதாவது ‘க’ சுரம், விழுகிற அந்த வெள்ளைக் கட்டை, சுண்டுவிரலால் தடவினாலும் முழு வேகத்தில் அடித்தது போல் ஒலித்தது. அதற்கு வலப்பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டைகள் பத்து முறைக்கு ஒரு முறை ஊமையாயின.

கருவியைத் துணி விரித்துக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். அடித்தகட்டில் திருகாணிகள். தொழிற்சாலையில் மின்திருப்புளி ஒரே அளவான அழுத்தத்தில் முடுக்கும். திருகாணியின் கறுப்புப் பூச்சு அப்படியே இருக்கும். இங்கே ஆறு திருகாணிகளின் தலையில் பூச்சு உரிந்து பளபளத்தது, பிளவின் விளிம்பு தேய்ந்திருந்தது. ஏழாவது, மற்றவற்றைவிடச் சற்று நீளமாக, வேறு எங்கிருந்தோ எடுத்துப் போட்டதாக இருந்தது. பெட்டியைத்தான் திறந்தோம் என்றார்கள். கருவியின் வயிற்றையே திறந்திருக்கிறார்கள்.

இதை நான் எப்படிக் கண்டுகொண்டேன் என்று சொல்ல வேண்டும். 1979இல், இருபது வயதில், தோ பாயோவில் வானொலியும் கேசட் பெட்டியும் செய்த ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். தொடக்கத்தில் உற்பத்தி லைனில் பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கும் வேலை. பிறகு தரச் சோதனை. மொத்தம் 27 ஆண்டுகள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மின்சுற்றுப் போர்டுகள் என் கை வழியாகப் போயின. பழுதான போர்டை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. பழுது நீக்கும் ‘ரீவொர்க்’ மேசைக்கு அனுப்புவோம். அங்கிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு போர்டிலும் விரல் அகலச் சீட்டு ஒன்று கட்டியிருக்கும். என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, யார் மாற்றியது, எந்தத் தேதி. இந்த நான்கும் இல்லாமல் ஒரு போர்டு என் மேசைக்கு வந்தால், அது எவ்வளவு நன்றாகப் பாடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கள் சூப்பர்வைசராக இருந்த சீன மாது அப்படித்தான் எங்களைப் பழக்கினார். ஒருமுறை பழுதான பொருளைப் பற்றி அவருக்குக் குறையே கிடையாது. கதை தெரியாத பொருளைத்தான் அவர் தொடமாட்டார்.

என் பேத்தியின் கீபோர்டில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பரால் ஆன சிறு குமிழ் இருக்கும். அதற்குள் கரி பூசிய இரண்டு தொடுபுள்ளிகள். கட்டையை அழுத்தினால் முதலில் ஒன்று தொடும், இமைப்பொழுது கழித்து மற்றது தொடும். இடைப்பட்ட அந்த நேரத்தை அளந்துதான், விரல் மெல்லத் தொட்டதா ஓங்கி அடித்ததா என்று கருவி தெரிந்துகொள்கிறது. புள்ளிகளில் தூசியோ ஈரமோ படிந்தால் அந்தக் கணக்குத் தப்பிவிடும். தொட்டதற்கே கத்தும், அல்லது வாயைத் திறக்காது. முதலில் வாங்கியவர் இந்தப் பழுதுக்காகத்தான் திருப்பிக் கொடுத்திருப்பார். யாரோ திறந்து, துடைத்து, மூடியிருக்கிறார்கள். துடைத்தது சில வாரம் தாங்கியிருக்கிறது. பிறகு என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

கடைக்குப் போனேன். கழிவு விலையில் வாங்கிய பொருளை மாற்றவோ திருப்பி எடுக்கவோ முடியாது என்று ரசீதின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. மகளிடம் சொல்லி, நடந்ததையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, திருகாணிகளின் படத்தையும் இணைத்து மேலாளருக்கு அனுப்பினேன். அதில் குறிப்பிட்ட சட்டத்தை வாசகர்கள் அனைவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பயனீட்டாளர் பாதுகாப்பு, நியாய வர்த்தகச் சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த ஒரு பகுதி உண்டு. பேச்சுவழக்கில் ‘லெமன் சட்டம்’ என்பார்கள். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த பழுது என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ வேண்டும். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். கழிவு விலைப் பொருளுக்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். பொருளின் வயதையும் கொடுத்த விலையையும் கருத்தில் கொள்வார்கள், அவ்வளவுதான். ரசீதில் ஒரு வரி அச்சடித்து இந்த உரிமையைத் தட்டிப்பறிக்க முடியாது. கைபேசிச் செயலி வழியாகத் தனிமனிதர் ஒருவர் தம் வீட்டுப் பொருளை விற்றால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே வாங்குவோர் இரட்டிப்பு விழிப்போடு இருக்க வேண்டும். கடைக்காரர் இணங்காவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் மேலே சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை, வழக்கறிஞர் இல்லாமல், இரண்டாண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம்.

எனக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. மேலாளர் மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். கருவியை எடுத்துப்போய், ரப்பர்ப் பட்டை முழுவதையும் புதிதாக மாற்றி, மூன்று வாரத்தில் கட்டணமின்றிக் கொடுத்தார்கள். இன்றுவரை காந்தாரம் கத்தவில்லை. கடையின் பெயரை நான் எழுதாததற்கு அதுவே காரணம். அந்த மனிதர் கடைசியில் நியாயமாக நடந்துகொண்டார். ஆனாலும் அந்த மூன்று வாரம் பேத்தி வெறும் மேசையில் விரல்வைத்து வாசித்துப் பழகியதைப் பார்த்தவள் நான்.

இதனால் யாரும் கழிவு விலையில் வாங்கக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈசூனில் எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவுக்கு 2018இல் ஓர் ஒலிபெருக்கி வாங்கினோம். பதினொரு பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்த பணம். அது ‘ரீஃபர்பிஷ்ட்’, அதாவது பழுது நீக்கிச் சோதித்து விற்கப்பட்ட பொருள். வாங்கும்போது அதனோடு ஒரு தாளைக் கொடுத்தார்கள்: கெப்பாசிட்டர் (மின்தேக்கி) இரண்டு மாற்றப்பட்டன, ஒலிக்கூம்பின் விளிம்பிலிருந்த நுரைவளையம் மாற்றப்பட்டது, எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்கப்பட்டது. கீழே பழுதுபார்த்தவரின் கையெழுத்து. அந்த நுரைவளையம் ஈரக்காற்றில் நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும் தன்மையுள்ளது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதை முன்கூட்டியே மாற்றியிருந்தார்கள் என்பதைப் படித்தவுடன் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெட்டி ஒரு வெள்ளிக்கிழமைகூட எங்களைக் கைவிட்டதில்லை. பழுது எழுதப்பட்ட பொருள் நன்றாக உழைக்கிறது. பழுதே இல்லை என்று சொல்லித் தந்த பொருள் நான்காம் நாளே நின்றது.

மூன்று சீட்டுகளும் மூன்று வேறு கதைகளைச் சொல்ல வேண்டியவை. ‘ஓப்பன் பாக்ஸ்’ என்றால் பெட்டி திறந்தது, ஆனால் பயன்படுத்தவில்லை அல்லது மிகக் குறைவாகப் பயன்படுத்தியது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ‘டிஸ்பிளே செட்’ ஆறு மாதம், ஓராண்டு கடையில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாரும் தட்டிப் பார்த்தது. குளிர்சாதனக் காற்றில் காலையில் காய்ந்து, கடை மூடிய பிறகு இரவில் ஈரத்தில் ஊறியது. ‘ரீஃபர்பிஷ்ட்’ உள்ளே கைவைத்துச் சரிசெய்தது. நடைமுறையிலோ கடைக்குக் கடை இச்சொற்களின் பொருள் மாறுகிறது. என் கீபோர்டு உண்மையில் மூன்றாவது வகை. அதற்கு முதல் வகைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள்.

வாங்குவோரும் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் அன்று அவசரப்பட்டேன். பேத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். 61 கட்டைகளையும் இடமிருந்து வலமாக, ஒருமுறை மெல்ல, ஒருமுறை ஓங்கி, அழுத்திப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒலியளவுத் திருகைத் திருப்பும்போது கரகரப்பு கேட்கிறதா, ஹெட்ஃபோன் செருகினால் இரு காதிலும் ஒலி வருகிறதா என்று பாருங்கள். மின்கலம் போடும் அறையைத் திறந்து பாருங்கள். உலோகத் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்கலம் கசிந்திருக்கிறது. சென்னையிலிருந்து வரும் பழைய மின்னணுச் சுருதிப் பெட்டிகளில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பிறகு கருவியை அரைமணி நேரம் ஓடவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள். சரியாகப் பற்றாத பற்றவைப்பு, சூடேறிய பிறகுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும். எங்கள் தொழிற்சாலையில் அதற்கென்றே வெப்ப அறை வைத்திருந்தோம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று, மின்னடாப்டர். கழிவு விலைப் பொருள்களில் மூல அடாப்டர் காணாமல்போய், வேறொன்றைப் போட்டுத் தருவது வழக்கமாக இருக்கிறது. வோல்ட் ஒன்றாக இருந்தால் போதாது. சில நிறுவனங்கள் செருகியின் நடுவில் நேர்முனையை வைக்கின்றன, சில எதிர்முனையை வைக்கின்றன. கருவியின் துளைக்கு அருகில் கடுகளவு படமாக அது அச்சிடப்பட்டிருக்கும். அடாப்டரில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகளை வாங்குவோருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவை. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் சுவரில் 230. எங்கள் குழுவில் பாடும் ஒருவரின் மகன், ஆசையாய் வாங்கிய ஜப்பானியக் கருவிக்கு மூன்று முனைச் செருகியை மட்டும் மாட்டிச் சுவரில் செருகினான். கருகிய வாடை கூடம் முழுவதும் இரண்டு நாள் போகவில்லை.

என் தந்தை இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்கு அழைத்துப் போவார். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அது வெறும் பெயர்தான். தரையில் கித்தான் விரித்து வானொலி, கடிகாரம், வயலின் வில் என்று பரப்பியிருப்பார்கள். ஒரு முதியவர் தம்மிடம் இருந்த வானொலிகளை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் தந்தை ஒன்றைக் கையில் எடுத்ததும் அவர் தலையசைத்து, “ரோசாக்” என்று மலாயில் சொன்னார். கெட்டுப்போனது. பிறகு எங்கே கெட்டது என்று விரலால் தொட்டும் காட்டினார். தந்தை அதைத்தான் வாங்கினார், விலை பேசி, சரிசெய்துகொள்ளலாம் என்று தெரிந்தே. தரையில் கடை விரித்த மனிதர் செய்ததை, குளிரூட்டிய கடையில் கணினி ரசீது தருபவர்களால் செய்ய முடியாதா?

அதனால் என் கோரிக்கை இதுதான். கழிவு விலைச் சீட்டில் விலைக்குக் கீழே மூன்று வரி சேருங்கள். பெட்டி ஏன் திறக்கப்பட்டது. உள்ளே யாராவது கைவைத்தார்களா, வைத்தார்கள் என்றால் எதை மாற்றினார்கள். எந்தத் தேதியில் சோதித்தார்கள். இது கடைக்காரருக்கும் பாதுகாப்பு. வாங்குவதற்கு முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டிய குறையைப் பிடித்துக்கொண்டு, தரமில்லை என்று வாடிக்கையாளர் பின்னால் வாதாட நம் பொருள் விற்பனைச் சட்டம் இடம் தருவதில்லை. காந்தாரக் கட்டையின் தொடுபுள்ளி துடைக்கப்பட்டது என்று அன்று எழுதியிருந்தால், நான் இன்னொரு முப்பது வெள்ளி குறைத்துக் கேட்டிருப்பேன், ஆனாலும் வாங்கியிருப்பேன். அவர்களுக்கு மூன்று வார வேலையும் மிஞ்சியிருக்கும்.

கருவிகளை விற்கும் கடைகள் பெரும்பாலும் சிறு கடைகள், வாடகை ஏறிக்கொண்டே போகிறது, இணையத்தில் விலைப் போட்டி என்பதையெல்லாம் நான் அறியாமல் இல்லை. மூன்று வரி எழுத ஒரு பேனாவும் ஒரு நிமிடமும் போதும். இசைக் கருவிகளோடு பழகும் ஆசிரியர்களும் பெற்றோரும் வாங்கும்போதெல்லாம் இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேட்டு, பதிலை ரசீதில் எழுதித் தரச் சொன்னால், சில மாதங்களிலேயே இது வழக்கமாகிவிடும் என்று நம்புகிறேன்.

பழுதுபார்த்துத் திரும்பி வந்த அன்றே என் பேத்தியின் கீபோர்டுக்கு நானே ஒரு சீட்டு எழுதி, அடித்தகட்டில் மேலே பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருக்கிறேன். அவள் வளர்ந்து 88 கட்டை கேட்கும் நாளில் இதை யாராவது வாங்கக்கூடும். சீட்டில் இருப்பது: ‘நடுக் காந்தாரக் கட்டை உரத்து ஒலித்தது. வலப்பக்கம் இரண்டு கட்டைகள் விட்டுவிட்டு ஒலித்தன. ரப்பர்ப் பட்டை முழுவதும் மாற்றப்பட்டது, ஜூலை. ஒரு திருகாணி மூலத் திருகாணி அல்ல.’

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன்